சிடி ரைட்டர் கெடவில்லை, நடுவில் எதுவோ மறிக்கிறது

மாவட்ட நீதிமன்றத்துக்கு எதிரே ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருப்பவளுக்கு சிடி இன்னும் பழைய பொருளாகிவிடவில்லை. சிசிடிவி காட்சி, போனில் பதிவான பேச்சு, விவாகரத்து வழக்கில் கல்யாண வீடியோ எல்லாம் இன்றைக்கும் வட்டத்தட்டில் ஏறித்தான் கேஸ் கட்டோடு போகிறது. பென் டிரைவில் யாரும் எதையும் அழிக்கலாம், சேர்க்கலாம். ஒருமுறை எழுதும் சிடி என்றால் வக்கீல்களுக்கு ஒரு நிம்மதி. தெருமுனையில் இருக்கும் ஸ்கேன் சென்டரிலும் ஃபிலிமோடு ஒரு சிடியை உறையில் போட்டுத் தருகிறார்கள். இவர்கள் எல்லோரிடமும் இருப்பது பழைய ரைட்டர், பழைய கம்ப்யூட்டர், அதன்மேல் புதிதாக ஏற்றிய விண்டோஸ். ஏதாவது ஒன்று முரண்டு பிடித்ததும், “அக்கா, ரைட்டர் போயிருச்சு, புதுசு ஒண்ணு போட்டுருங்க” என்று சிபியூவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

பெரும்பாலும் ரைட்டர் போயிருக்காது. புதிதாக ஒன்று வாங்கி மாட்டினாலும் அதே கோளாறு அப்படியே நிற்கும். ஏன் என்று தெரிய, உத்தரவு போகும் பாதை தெரிய வேண்டும்.

நீங்கள் ‘எழுது’ என்று அழுத்தியதும் அது நேராக லேசருக்குப் போவதில்லை. மேலே நீரோ, இம்க்பர்ன் மாதிரி சிடி எழுதும் ஒரு மென்பொருள். அது விண்டோஸோடு பேச ஒரு வாசல் வேண்டும்: விண்டோஸ் 98 காலத்தில் அடாப்டெக் உருவாக்கிய ஏஎஸ்பிஐ, என்டி வழிவந்த விண்டோஸ்களில் எஸ்பிடிஐ, எக்ஸ்பியிலிருந்து மைக்ரோசாஃப்ட்டே கூடவே கொடுத்த ஐமேபி. வாசலைத் தாண்டினால், நடுவில் நின்று உத்தரவுகளைச் சோதித்து அனுப்பும் ஃபில்டர் டிரைவர்கள். அதற்குக் கீழே விண்டோஸின் சொந்த சிடிராம் டிரைவர், போர்ட் டிரைவர், கேபிள். கடைசியில், ரைட்டருக்குள் ஒரு சிப்பில் பதிந்திருக்கும் நிரலான ஃபர்ம்வேர். லேசரை எவ்வளவு சூடாக்குவது, எந்தத் தட்டுக்கு எந்த வேகம் என்று முடிவு செய்வது அதுதான். இந்தப் பாதையில் உத்தரவு எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் மொத்த வேலையும். கண்டுபிடிக்காமல் மென்பொருளை மாற்றி, டிரைவரை மாற்றி, ஃபர்ம்வேரையும் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே இடத்தில் வந்து நிற்பீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

முதலில் எந்தப் பக்கம் என்று பிரியுங்கள்

கம்ப்யூட்டரை ஆன் செய்து, விண்டோஸ் எழுவதற்கு முன்னால் வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போங்கள். ரைட்டரின் பெயர் அங்கே தெரிகிறதா? தெரியவில்லை என்றால் விண்டோஸைத் தொடவே வேண்டாம். கேபிள், எஸ்எம்பிஎஸ் என்ற பவர் பெட்டியிலிருந்து வரும் வயர், போர்ட் மூன்றையும் பாருங்கள். பழைய அகலப் பட்டை கேபிள் என்றால், எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்று குறிக்கும் பின்பக்க ஜம்பரையும் பாருங்கள்; ஒரே கேபிளில் இரண்டு டிரைவும் மாஸ்டராக இருந்தால் இரண்டுமே மக்கர் பண்ணும்.

பயாஸில் தெரிகிறது, விண்டோஸில் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் ஃபில்டர் டிரைவர் சண்டைதான். கீழே விரிவாகச் சொல்கிறேன்.

விண்டோஸிலும் தெரிகிறது, படிக்கிறது, எழுத மட்டும் மறுக்கிறது என்றால் ஒரு லினக்ஸ் லைவ் பென் டிரைவில், அதாவது இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் லினக்ஸ் உள்ள பென் டிரைவில், கம்ப்யூட்டரை எழுப்புங்கள். அதில் பிரசேரோவோ கே3பியோ, ஏதாவது ஒரு சிடி எழுதும் நிரலைப் போட்டுக்கொண்டு அதே ரைட்டரில், அதே டப்பாவிலிருந்து எடுத்த தட்டில் எழுதிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸ் இதில் கலந்துகொள்வதே இல்லை. லினக்ஸில் சுத்தமாக எழுதினால் கோளாறு விண்டோஸ் பக்கம். அங்கேயும் அதே கதை என்றால் தட்டு, ஃபர்ம்வேர், லேசர், பவர் இவற்றில் ஒன்று. இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம் ஆகலாம், ஆனால் அரை நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும். கடையில் இதற்கென்றே ஒரு பென் டிரைவை நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

ஃபில்டர் டிரைவர் சண்டை

சிடி சம்பந்தப்பட்ட மென்பொருள் பலவும் தன் டிரைவர் ஒன்றை விண்டோஸின் சிடிராம் டிரைவருக்கு மேலேயோ கீழேயோ செருகிவைக்கும். போகிற வருகிற ஒவ்வொரு உத்தரவும் அதைத் தாண்டித்தான் போகும். ஐடியூன்ஸ் கூட வரும் கியர் ஏஎஸ்பிஐ டிரைவர் இந்த வகைதான். தப்பில்லை, முறையாகவே செய்கிறது. வம்பு எப்போது வரும் என்றால், மென்பொருளை நீக்கியபோது டிரைவர் கோப்பு போய், விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) அதன் பெயர் மட்டும் மிஞ்சினால் வரும். விண்டோஸ் ஒவ்வொரு முறை எழும்போதும் பட்டியலில் இருக்கும் அந்தப் பெயரைத் தேடும். கிடைக்காது. உடனே ரைட்டரையே ஒட்டுமொத்தமாக நிறுத்திவைத்துவிடும்.

இதற்கு ஊரறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2005-இல் சோனி பிஎம்ஜி வெளியிட்ட சில இசை சிடிகளைக் கம்ப்யூட்டரில் போட்டால், காப்பி எடுப்பதைத் தடுக்கும் ஒரு மென்பொருள் ஒளிந்து உட்கார்ந்துகொண்டது. அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் என்ற விண்டோஸ் வல்லுநர் அதை அம்பலப்படுத்தினார். அதன் டிரைவர்களைக் கையால் நீக்கியதும் அவர் கம்ப்யூட்டரில் சிடி டிரைவே காணாமல் போனது. காரணம், அந்த மென்பொருள் ஃபில்டர் பட்டியலில் தன் பெயரை எழுதிவைத்திருந்தது. பட்டியலிலிருந்து பெயரை எடுத்த பிறகுதான் டிரைவ் திரும்ப வந்தது. அவருக்கு நடந்ததுதான் நமக்கும் நடக்கிறது. நம்மிடம் அந்த இடத்தில் இருப்பது பெரும்பாலும் எப்போதோ நீக்கிய ஒரு பழைய ரைட்டிங் மென்பொருள்.

டிவைஸ் மேனேஜரைத் திறந்து ரைட்டரின்மேல் இரண்டு முறை சொடுக்குங்கள். மஞ்சள் குறியும், கோட் 19, 31, 32, 39, 41 இவற்றில் ஒன்றும் இருந்தால் இதுதான் நோய். மருந்து பதிவேட்டில் இருக்கிறது. ரெஜ்எடிட்டைத் திறந்து எச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், கிளாஸ் என்று வரிசையாக இறங்குங்கள். கிளாஸ் என்பதற்குள் அடைப்புக்குறிக்குள் நீள நீளமான எண்கள் வரிசையாக நிற்கும். நமக்கு வேண்டியது 4டி36இ965 என்று தொடங்குவது. அதற்குள் இருக்கும் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற வரிகள்தான் அந்த ஃபில்டர் பட்டியல்.

இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை எல்லாம் ஒரே மாதிரி தெரியும். 967-இல் முடியும் முதல் துண்டு ஹார்ட் டிஸ்க், 96பி கீபோர்டு, 96எஃப் மவுஸ். அவற்றுக்குள்ளேயும் இதே அப்பர்ஃபில்டர்ஸ் என்ற வரி இருக்கும், அங்கே அது இருந்தே ஆக வேண்டும். 96பி-யில் இருப்பதை அழித்தால் அடுத்த முறை பாஸ்வேர்டு அடிக்கக் கீபோர்டு இருக்காது. அதனால் 965-ஐச் சொடுக்கியதும் வலப்பக்கம் கிளாஸ் என்ற வரியில் சிடிராம் என்று எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை படித்துவிடுங்கள். படித்த பிறகு, இடப்பக்கம் அந்த எண்ணின்மேல் வலச்சொடுக்கி எக்ஸ்போர்ட் செய்து ஒரு பிரதியை டெஸ்க்டாப்பில் வையுங்கள்.

இப்போது வலப்பக்கம் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்று இருப்பவற்றைத் திறந்து, உள்ளே யார் பெயர் இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் ‘இரண்டையும் அழி’ என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவார்கள். அழித்தால் வேலை நடக்கும், மைக்ரோசாஃப்ட் சொன்ன வழியும் அதுதான். ஆனால் குறித்துவைத்தால் குற்றவாளியின் பெயர் கையில் இருக்கும். அந்த மென்பொருளைத் திரும்பவும் ஏற்றினால் திரும்பவும் வருவான். பெயருக்குப் பின்னால் பேக் என்ற வால் ஒட்டிய வரி இருந்தால் அதை விட்டுவிடுங்கள். மற்ற இரண்டையும் அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரைட்டர் வந்துவிடும். அப்புறம் ஐடியூன்ஸ் போன்ற ஏதாவது சிடி தெரியவில்லை என்று முனகினால் அதை மட்டும் மறுபடி இன்ஸ்டால் செய்தால் போதும், தன் ஃபில்டரைத் தானே போட்டுக்கொள்ளும்.

விண்டோஸ் 7, 8 இருக்கும் பழைய மதர்போர்டுகளில் இதற்கும் மசியாமல் போனால் இன்னொரு வழி உண்டு. கரன்ட் கன்ட்ரோல் செட்டுக்குள் சர்வீசஸ், அதற்குள் ஏடிஏபிஐ, அதற்குள் கன்ட்ரோலர்0 என்று ஒரு புது சாவி (கீ) உருவாக்குங்கள். அதில் இனம்டிவைஸ்1 என்று ஒரு டிவேர்டு, மதிப்பு 1. சில போர்டுகளில் தொலைந்த டிரைவ் இதிலேயே வந்துவிடும்.

ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர்

ரைட்டர் தெரிகிறது, எழுதத் தொடங்கியதும் ‘டிரைவ் வேறு நிரலின் பயன்பாட்டில் உள்ளது’ என்ற வகையில் ஏதோ வருகிறது என்றால், பின்னணியில் வேறு யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள். நீரோவோடு வந்த இன்சிடி, ரோக்ஸியோவின் டைரக்ட்சிடி, சில பிராண்டட் கம்ப்யூட்டர்களில் வந்த டிஎல்ஏ எல்லாம் பாக்கெட் ரைட்டிங் நிரல்கள். சிடியைப் பென் டிரைவ் மாதிரி இழுத்துப் போட்டு எழுத வைப்பதற்காக எப்போதும் டிரைவின்மேல் ஒரு கண் வைத்திருக்கும். இவற்றில் இரண்டு ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால் காலியான தட்டைப் போட்டதும் இரண்டும் சேர்ந்து பாயும். எந்த ரைட்டிங் மென்பொருளை வைத்துக்கொள்வது என்பது உங்கள் விருப்பம். பாக்கெட் ரைட்டிங் நிரல் ஒன்றுகூட வேண்டாம் என்பது என் கட்சி. கன்ட்ரோல் பேனலில் போய் நீக்குங்கள், நீக்கிய பிறகு மேலே சொன்ன ஃபில்டர் பட்டியலை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

எக்ஸ்பியில் இன்னொன்று. ரைட்டரின் ப்ராப்பர்ட்டீஸில் ரெக்கார்டிங் என்ற தாவலில் ‘இந்த டிரைவில் சிடி எழுத அனுமதி’ என்று ஒரு டிக் இருக்கும். வேறு மென்பொருள் வைத்து எழுதுபவர்கள் அந்த டிக்கை எடுத்துவிட்டால் விண்டோஸின் சொந்த வேலையாள் ஒதுங்கிக்கொள்வான்.

டீமன் டூல்ஸ், ஆல்கஹால் மாதிரி போலி டிரைவ் உருவாக்கும் மென்பொருள்கள் பழைய பதிப்புகளில் எஸ்பிடிடி என்ற டிரைவரை இறக்கும். அது ரொம்ப ஆழத்தில் போய் உட்காரும். மென்பொருளை நீக்கினாலும் எஸ்பிடிடி தங்கிவிடுவது உண்டு. அதை நீக்க அதன் இன்ஸ்டாலரையே தனியாக ஓட்டி அன்இன்ஸ்டால் என்று கொடுக்க வேண்டும்.

விண்டோஸே பாக்கெட் ரைட்டிங் செய்யும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விண்டோஸ் 7-இலிருந்து, காலித் தட்டைப் போட்டதும் ஒரு கேள்வி கேட்கிறது: யூஎஸ்பி ஃபிளாஷ் டிரைவ் போலப் பயன்படுத்தவா, சிடி/டிவிடி பிளேயரில் போடுவதற்கா? முதல் பதில் ஏற்கனவே தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். ஜூனியர் வக்கீல் தம்பி ஒருவர் அவசரத்தில் அப்படியே நெக்ஸ்ட் அழுத்தி சிசிடிவி காட்சியைப் போட்டுக்கொண்டு போனார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்தது, கோர்ட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் வெற்றுத் தட்டு என்று காட்டியது. “எழுதினது எங்கக்கா போச்சு?” என்று ஓடி வந்தார். எங்கேயும் போகவில்லை, எழுதிய பகுதி (செஷன்) மூடப்படவில்லை, வடிவமும் அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குப் புரியாத வடிவம். எழுதிய கம்ப்யூட்டரிலேயே போட்டு வலச்சொடுக்கி ‘குளோஸ் செஷன்’ கொடுத்தால் ஓரளவு கம்ப்யூட்டர்களில் திறக்கும். மற்றவர் கைக்குப் போக வேண்டிய தட்டு என்றால் எப்போதும் இரண்டாவது பதிலைத் தேர்ந்தெடுங்கள்.

வேகம் திடீரென்று படுத்துவிட்டால்

எக்ஸ்பியில் ஓடும் பழைய பெட்டிகள் ஸ்கேன் மிஷின் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. அங்கே வரும் புகார்: முன்பு சில நிமிடத்தில் முடிந்த சிடி இப்போது இழுத்துக்கொண்டே கிடக்கிறது, எழுதும்போது மவுஸ்கூட நகரமாட்டேன் என்கிறது. இது ரைட்டர் கிழடான அறிகுறி என்று முடிவுகட்டிவிடுவார்கள். டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ கன்ட்ரோலருக்குக் கீழே செகண்டரி சேனலைத் திறந்து அட்வான்ஸ்டு செட்டிங்ஸைப் பாருங்கள். நடப்பு முறை என்ற இடத்தில் பிஐஓ என்று இருந்தால் விஷயம் அதுதான்.

டிஎம்ஏ முறையில் தரவு நேராக மெமரியிலிருந்து டிரைவுக்குப் போகும். பிஐஓவில் பிராசசரே ஒவ்வொரு துண்டாக அள்ளிக் கொடுக்க வேண்டும். எக்ஸ்பிக்கு ஒரு குணம்: படிக்கும்போது பிழையோ தாமதமோ சேர்ந்து 6 ஆகிவிட்டால் வேகத்தை ஒரு படி இறக்கும்; அப்படியே இறங்கி இறங்கிக் கடைசியில் பிஐஓவில் போய் நிற்கும். கீறல் விழுந்த ஒரு தட்டைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்றிருந்தாலே போதும். தட்டை எடுத்த பிறகும் ஏறாது. மெனுவில் ‘டிஎம்ஏ இருந்தால்’ என்று இருந்தும் நடப்பு முறை பிஐஓவாகவே நிற்கும். அந்த சேனலை டிவைஸ் மேனேஜரிலேயே அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏவில் உட்கார வைக்கும். கொஞ்ச நாளில் மறுபடியும் பிஐஓ என்றால் கேபிளை மாற்றுங்கள், 80 இழை உள்ளது நல்லது.

சிடியில் 1எக்ஸ் என்பது நொடிக்கு 150 கிலோபைட். 52எக்ஸ் என்றால் ஏறக்குறைய 7.8 மெகாபைட். அந்த வேகத்துக்குத் தரவு வந்துகொண்டே இருக்க வேண்டும், இடையில் காய்ந்தால் ஒரு காலத்தில் தட்டு அதோடு பாழ். 2000-ஐ ஒட்டி சான்யோ கொண்டுவந்த பர்ன்-ப்ரூஃப், பிறகு ரிக்கோவின் ஜஸ்ட்லிங்க் போன்றவை வந்து, லேசரை நிறுத்தி விட்ட இடத்திலிருந்து தொடர வழி செய்தன. மென்பொருளில் அந்த வசதிக்கான டிக் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தும் எழுதும்போது டிரைவ் நின்று நின்று ஓடும் சத்தம் கேட்டால் தரவு வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

ஒல்லிக் கேபிளில் மாட்டும் சாட்டா ரைட்டர் என்றால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் சில மதர்போர்டுகளில் கூடுதல் சிப் ஒன்றின் வழியாக வேறு நிறத்தில் தனியாக இரண்டு போர்ட் இருக்கும். அதில் மாட்டிய ரைட்டர் படிக்கும், எழுதும்போது மட்டும் தகராறு செய்யும். முதன்மை போர்ட்டுக்கு மாற்றிவிடுங்கள். வெளியே மாட்டும் மெல்லிய யூஎஸ்பி ரைட்டருக்கு முன்பக்கப் போர்ட்டும் ஹப்பும் ஆகாது. எழுதும்போது அது கேட்கும் மின்சாரம் யூஎஸ்பி 2 போர்ட் தரக் கடமைப்பட்ட 500 மில்லிஆம்பியரைத் தாண்டிவிடும். அதனால்தான் சிலவற்றோடு இரண்டு தலை வைத்த கேபிள் வருகிறது, இரண்டாவது தலை அழகுக்கு இல்லை.

பிழை எண்ணைப் படியுங்கள்

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, எழுதத் தொடங்குகிறது, பாதியில் பிழை. இந்த இடத்தில் மென்பொருள் சொல்லும் வாக்கியத்தைவிட அதன் கீழே வரும் எண்கள்தான் உண்மை பேசும். ரைட்டர் தானே தன் வாயால் சொல்வது அது. நான் இம்க்பர்ன் வைத்துக்கொள்வதற்கு முக்கியக் காரணமே அது எண்களை மறைக்காமல் காட்டுவதுதான். சென்ஸ் ஏரியா என்ற வரியில் இப்படி இருக்கும்:

70 00 03 00 00 00 00 0ஏ 00 00 00 00 73 03

இதில் மூன்றாவது எண்ணையும், பதின்மூன்று, பதினான்காவது எண்களையும் பாருங்கள். இங்கே 03, 73, 03. மூன்றாவது எண்தான் பெரிய பிரிவு.

02 என்றால் டிரைவ் தயாரில்லை. அதோடு 3ஏ வந்தால் தட்டையே காணோம் என்கிறது. 04 08 வந்தால் ஏற்கனவே ஒரு எழுத்து வேலை முடியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

03 என்றால் தட்டில் குறை கண்டிருக்கிறது. 0சி 00 எழுதும்போது பிழை. 73 03 என்றால் எழுதுவதற்கு முன்னால் தட்டின் உள்விளிம்பில் லேசர் சக்தியைச் சோதித்துப் பார்க்கும் இடத்திலேயே தோற்றுவிட்டது. வேறு பிராண்டு தட்டு ஒன்றில் முயலுங்கள். அதில் ஓடினால் தட்டுக்கும் ஃபர்ம்வேருக்கும் ஒத்துப்போகவில்லை. எந்தத் தட்டிலும் ஓடவில்லை என்றால் லேசர் மங்கிவிட்டது.

04 ரைட்டரின் உள்ளுறுப்புக் கோளாறு. ரிப்பேர் செய்வது வீண்.

05தான் சுவாரசியமானது. ‘நீ கேட்பது முறையல்ல’ என்று ரைட்டர் மென்பொருளைத் திட்டுகிறது. 20 00 வந்தால் அந்த உத்தரவே அதற்குத் தெரியாது. 2சி 00 வந்தால் உத்தரவுகள் வரிசை மாறி வந்திருக்கின்றன; இடையில் வேறொரு நிரல் மூக்கை நுழைத்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். 21 02 என்றால் எழுதக்கூடாத இடத்தில் எழுதச் சொல்லியிருக்கிறது. 05 வரும்போது தட்டை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் தட்டைத்தான் வீணாக்குகிறார்கள். மென்பொருளைப் புதுப்பியுங்கள், பின்னணி நிரல்களை மூடுங்கள், ஃபில்டரைப் பாருங்கள்.

06-இல் 29 00, அதுவும் எழுதிக்கொண்டிருக்கும்போது வந்தால், ரைட்டர் நடுவில் அணைந்து எழுந்திருக்கிறது. பவர் அல்லது கேபிள்.

லினக்ஸில் வோடிம் என்ற நிரலும் இதே எண்களை இதே பொருளில் காட்டும். எண்ணுக்கு விண்டோஸ், லினக்ஸ் பேதம் கிடையாது.

ஃபர்ம்வேரை எப்போது தொடுவது

கடைசியில். அதிலும் பிழை எண் அந்தப் பக்கம் கை காட்டினால் மட்டும்.

ஒவ்வொரு காலி சிடியின் உள்வளையத்திலும் தயாரிப்பாளரைக் காட்டும் குறியீடு அச்சாகியிருக்கும். 97 நிமிடம், இத்தனை நொடி, இத்தனை ஃபிரேம் என்று ஒரு நேரம் மாதிரி இருக்கும். தட்டைப் போட்டதும் ஃபர்ம்வேர் அதைப் படித்து, தன் பட்டியலில் இருந்தால் அதற்கென்று வைத்திருக்கும் எழுதும் முறையைக் கையாளும். பட்டியலில் இல்லாத தட்டு என்றால் பொதுவான ஒரு முறையில் எப்படியோ ஓட்டும். உறையில் இருக்கும் பிராண்டு பெயரை நம்ப வேண்டாம், ஒரே பிராண்டு வேறு வேறு ஆலையிலிருந்து வாங்கி விற்கும். இம்க்பர்னில் தட்டைப் போட்டால் வலப்பக்கத்தில் இந்தக் குறியீடு தெரியும். ரைட்டர் வெளிவந்ததற்குப் பிறகு வந்த தட்டுகளைச் சேர்ப்பதுதான் ஃபர்ம்வேர் அப்டேட்டின் பெரும்பகுதி வேலை.

மென்பொருளும் ஃபர்ம்வேரும் மோதினால் எதுவரை போகும் என்பதற்கு 2003-இல் மாண்ட்ரேக் லினக்ஸ் 9.2 வந்தபோது நடந்தது சாட்சி. எல்ஜியின் சில சிடிராம் டிரைவ்களில் அதை இன்ஸ்டால் செய்தால் டிரைவ் அப்படியே செத்துப்போனது. லினக்ஸ் அனுப்பியது ‘ஃபிளஷ் கேஷ்’ என்ற சாதாரண, தர நிர்ணயத்தில் இருக்கும் உத்தரவு. அந்த டிரைவ்களின் ஃபர்ம்வேரோ அதை ஃபர்ம்வேரை மாற்றும் உத்தரவாக எடுத்துக்கொண்டு தன்னைத் தானே அழித்துக்கொண்டது. எல்ஜி பிறகு திருத்தம் வெளியிட்டது. எழுதாத, வெறுமனே படிக்கும் டிரைவ் என்பதால் அந்த உத்தரவு வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அப்டேட் செய்வதென்றால் முதலில் உங்கள் ரைட்டரை யார் செய்தது என்று பாருங்கள். முகப்பில் இருக்கும் பெயர் பல நேரம் அவர்களுடையது இல்லை. டிவைஸ் மேனேஜரில் டீட்டெய்ல்ஸ் தாவலில் ஹார்டுவேர் ஐடி என்று தேர்ந்தெடுத்தால் ஒரு நீண்ட பெயர் வரும். எச்எல்-டிடி-எஸ்டி என்று தொடங்கினால் ஹிட்டாச்சியும் எல்ஜியும் சேர்ந்து செய்தது. டிஎஸ்எஸ்டிகார்ப் என்றால் தோஷிபா, சாம்சங். பிஎல்டிஎஸ் என்றால் பிலிப்ஸ், லைட்-ஆன். மட்ஷிட்டா என்றால் பானசோனிக். பெயரின் வாலில் இருக்கும் நான்கு எழுத்துதான் இப்போதைய ஃபர்ம்வேர் பதிப்பு.

எச்பி, டெல் கம்ப்யூட்டரோடு வந்த ரைட்டராக இருந்தால் அவர்களுக்கென்று தனி ஃபர்ம்வேர் இருக்கும். அதே மாடல்தானே என்று கடையில் தனியாக விற்ற ரைட்டரின் ஃபர்ம்வேரை ஏற்றக்கூடாது. மாடல் பெயரில் ஒரு எழுத்து வித்தியாசம் இருந்தாலும் வேண்டாம்.

ஏற்றும்போது டிரேயில் தட்டு இருக்கக்கூடாது. எல்லா சிடி நிரலையும் மூடுங்கள், ஆன்டிவைரஸையும் அந்த நேரத்துக்கு நிறுத்துங்கள். யூஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் சாதாரண ரைட்டர் என்றால் கழற்றி நேராக சாட்டாவில் மாட்டுங்கள். நடுவில் இருக்கும் மாற்றிச் சிப் எல்லா உத்தரவையும் ஒழுங்காகக் கடத்தாது. யூபிஎஸ் இல்லாமல் செய்யவே வேண்டாம், எங்கள் ஊர் கரண்டை நம்பி நான் ஃபர்ம்வேரில் கை வைப்பதில்லை. விளக்கு மின்னி முடிந்து மென்பொருள் முடிந்தது என்று சொன்ன பிறகு, ரீஸ்டார்ட் போதாது, முழுதாக அணைத்துவிட்டு எழுப்புங்கள்.

இன்னொரு நடைமுறை உண்மையும் இருக்கிறது. ரைட்டர் செய்த பல கம்பெனிகள் அந்தத் தொழிலை விட்டே போய்விட்டன. சோனி ஆப்டியார்க் 2013-இலேயே மூடியாயிற்று. புது ஃபர்ம்வேர் இனி வராது. அப்படிப்பட்ட ரைட்டருக்கு அதோடு ஒத்துப்போகும் தட்டைத் தேடிப் பிடித்து, ஒரே பிராண்டாக ஒரு டப்பா வாங்கி வைத்துக்கொள்வதுதான் வழி. வேகத்தைக் குறையுங்கள். ஆனால் ‘எவ்வளவு மெதுவோ அவ்வளவு நல்லது’ என்பதை நான் ஏற்பதில்லை. 48எக்ஸ் ரைட்டரும் 52எக்ஸ் தட்டும் இருக்கும்போது 4எக்ஸில் எழுதச் சொன்னால் இரண்டுக்குமே அது பழக்கமில்லாத வேகம். 16 அல்லது 24 வைத்துப் பாருங்கள்.

எழுதி முடித்த பிறகு

வெரிஃபை என்ற டிக்கை எடுக்காதீர்கள். அவசரத்தில் எல்லோரும் எடுப்பது அதைத்தான். எழுதியதும் டிரேயை ஒருமுறை திறந்து மூடிய பிறகு சரிபார்க்கச் சொல்லுங்கள், அப்போதுதான் நினைவகத்தில் இருப்பதைப் படிக்காமல் தட்டிலிருந்தே படிக்கும். பிறகு வேறொரு கம்ப்யூட்டரில், முடிந்தால் படிக்க மட்டும் தெரிந்த பழைய டிரைவில், ஒருமுறை திறந்து கோப்பைக் கடைசிவரை ஓட்டுங்கள். சிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுவதால் சிக்கல் பெரும்பாலும் வெளிவிளிம்பில், அதாவது கடைசியாக எழுதியதில் இருக்கும்.

கோர்ட் வேலைக்கு இன்னொரு படி உண்டு. மின்னணுச் சாட்சியத்துக்கு முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் என்றிருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவுக்குக் கீழே வருகிறது. அந்தப் படிவத்தில் கோப்பின் ஹேஷ் மதிப்பை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் கைரேகை மாதிரியான எண்ணை, எழுத இடம் இருக்கிறது. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து சர்ட்யூட்டில் நிரலின் ஹேஷ்ஃபைல் கட்டளையோடு எஸ்எச்ஏ256 என்று கொடுத்தால் அந்த மதிப்பு வந்துவிடும். முதலில் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் மூலக் கோப்புக்கு எடுங்கள், அப்புறம் எழுதிய சிடியில் இருக்கும் கோப்புக்கு எடுங்கள். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் படிவத்தில் ஏற்றுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் அந்தத் தட்டை உடைத்துப் போட்டுவிட்டு, பிழை எண் பார்ப்பதிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.